படியில் வைத்த ஈர்க்கு

அஹுன்ட்சிக், மொன்றியல்
12 நவம்பர் 2024

செலீன்,

மண்ணுக்குள் ஏழு மாதம் கிடக்கும் ஒரு பிராணி உயிரோடு இருக்கிறதா என்பதை, தோண்டாமல், மேலே நிற்கும் ஒருவர் எப்படி அறிவது? எனக்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரிந்திருக்கக்கூடிய ஒரே ஆளாக நீங்கள்தான் நினைவுக்கு வந்தீர்கள். அதனால் எழுதுகிறேன்.

கலிபோர்னியாவில், மொஹாவி பாலைவனத்தில், மரம் ஏறாத ஓர் அணிலின் பின்னால் நீங்கள் வருடக்கணக்காக அலைவதாக உங்கள் அண்ணை முன்பு சொல்லியிருக்கிறார். நூலகத்தில் அதைப் பற்றித் தேடி வாசித்தேன். அதன் உடம்பு மண்ணளவுக்குக் குளிர்ந்துபோகும், மூச்சு எப்போதாவது ஒருதடவை வரும் என்று போட்டிருந்தது. கட்டுரைகள் எல்லாம் அது போவதற்கு முன்னர் அல்லது வந்ததற்குப் பின்னர் உள்ளதைச் சொல்கின்றன. இடையில் உள்ளதைப் பற்றி யாரும் தெளிவாக எழுதவில்லை.

மாமியின் அடக்கத்துக்குப் பிறகு நாங்கள் பேசவில்லை. இருபது மாதங்கள். உங்கள் கைபேசி இலக்கம் மாறிவிட்டது. இந்தத் தபால்பெட்டி இலக்கத்தை எங்கள் மகள் ஜொய்சி தேடித் தந்தாள். பதில் எழுத விருப்பமில்லை என்றால் எழுத வேண்டாம்.

எலிசா


ஆய்வு முகாம், கலிபோர்னியா
27 நவம்பர் 2024

மச்சாள்,

கவரிலை உங்கட கையெழுத்தைப் பாத்ததும், இப்ப ஆர் செத்தது எண்டுதான் நினைச்சன். உடைச்சால் அணில்!

எப்ப தொடக்கம் நான் உங்களுக்கு "நீங்கள்"? கலியாணம் முடிச்சு வந்த நாளிலை இருந்து "நீர்" தானே. சரி, மரியாதையா இருப்பம்.

கேள்வி கேட்டிட்டியள், சொல்லுறன். இந்த அணிலுக்கு எங்கட அணில் மாதிரி முதுகிலை கோடு இல்லை. மண் நிறம். வாலின்ரை அடிப்பக்கம் மட்டும் வெள்ளை. வெயிலுக்கை ஓடேக்கை வாலை முதுகுக்கு மேலை குடை மாதிரிப் பிடிச்சுக்கொண்டு ஓடும். தண்ணி குடிக்கிறதே இல்லை எண்டு சொல்லலாம், இலையிலை உள்ள ஈரமே அதுக்குக் காணும். ஒரு பொந்திலை ஒரு அணில்தான். சொந்தக்காரரோடை சேராது. (என்னை மாதிரி எண்டு நினைப்பியள். நினையுங்கோ.) மாசியிலை வெளியிலை வரும், தின்னும், கொழுக்கும், ஆடி ஆவணியிலை திரும்பக் கீழை போயிடும். மழை பெய்யாத வருசம் குட்டியும் போடாது. கெதியாத் தின்று கெதியாப் போயிடும். போகேக்கை உள்ளுக்குள்ளை நிண்டுகொண்டே வாசலை மண்ணாலை அடைச்சுப்போடும்.

உயிரோடை இருக்கோ எண்டு எப்பிடித் தெரியும்? தெரியாது மச்சாள். உண்மையா. கழுத்திலை சின்னக் கொலர் போட்டிருக்கிறம், றேடியோவிலை டிக் டிக் எண்டு கேக்கும். செத்த அணிலின்ரை கொலரும் டிக் டிக் எண்டுதான் கேக்கும். அதாலை நாங்கள் வாசலிலை பல்லுக்குச்சியைக் குறுக்காலை நட்டுவைப்பம். குச்சி விழுந்தால் ஏதோ வந்து போயிருக்கு. அவ்வளவுதான் எங்கட விஞ்ஞானம்.

இப்ப நான் ஒண்டு கேக்கிறன். அம்மா செத்து ஒரு மணித்தியாலத்தாலை எனக்குப் போன் எடுத்து, "மாமிக்குக் கடுமை, வெளிக்கிட்டு வாரும்" எண்டனீங்கள். ஊரிலை தந்தியிலை "கடுமை" எண்டு வந்தால் செத்த வீடு எண்டு எல்லாருக்கும் தெரியுமாம். நான் பதினாலு வயசிலை கனடாவுக்கு வந்தவள். தந்தியைக் கண்ணாலை கண்டதில்லை. கடுமை எண்டால் நோய் கூட எண்டு விளங்கிக்கொண்டு, கூடுகளிலை பிடிச்சு வைச்ச அணிலுகளை நிறை பாத்து, கொலர் போட்டு, விட்டிட்டு, நாலாம் நாள் வெளிக்கிட்டன். வந்து இறங்கினால் அம்மா மண்ணுக்கை. அண்ணை, செத்த வீட்டுக்கு ஆக்கள் கூடின மண்டபத்திலை எல்லாருக்கும் முன்னாலை, "நான்தான் அப்பிடிச் சொல்லச் சொன்னனான்" எண்டார். பெத்த தாயின்ரை சாவைச் சொல்ல அவருக்கு வாய் வரேல்லையாம்.

அந்த வீட்டிலை இருந்து எனக்கு அணிலைப் பற்றி ஏன் கடிதம் வருது?

செலீன்


அஹுன்ட்சிக்
9 டிசம்பர் 2024

செலீன்,

நியாயமான கேள்வி. நான் கேட்டது அணிலைப் பற்றி அல்ல.

உங்கள் அண்ணை இருபத்தேழு வருடம் வேலை செய்த மட்டைப் பெட்டித் தொழிற்சாலையை ஓகஸ்ட் கடைசியில் மூடிவிட்டார்கள். செப்டெம்பர் மூன்றாம் திகதி மெத்தையை வீட்டுக்கு அடியில் உள்ள பேஸ்மென்றுக்குக் கொண்டுபோனார். மேலே புழுக்கமாக இருக்கிறது என்றார். புழுக்கம் போய், மரங்கள் கொட்டி, இப்போது பனி விழுந்துவிட்டது. அவர் மேலே வரவில்லை. கீழே குளியலறை இருக்கிறது. சாப்பாட்டுத் தட்டை மேல்படியில் வைக்கிறேன். கழுவித் திரும்பி வருகிறது. படிக்கட்டின் கதவு சாத்தியே இருக்கும்.

கதைக்க மாட்டார் என்றில்லை. கேட்டால் பதில் வரும். ஜொய்சி ஞாயிற்றுக்கிழமைகளில் லவாலிலிருந்து வந்து, கதவைத் திறந்து, பிரெஞ்சில் சுகம் கேட்டுக் கீழே குரல் கொடுப்பாள். "பப்பா, சா வா?" கீழிருந்து "ஓம், சா வா" என்று வரும். பங்குச் சுவாமியாரை அழைத்து வந்தேன். அவர் படியில் நின்று பத்து நிமிடம் கதைத்தார். "சரி ஃபாதர், கும்பிடுறன் ஃபாதர்" என்று சத்தம் வந்தது. சுவாமியார் என்னைப் பார்த்து, "நல்ல மரியாதையான மனுசன்" என்று சொல்லிவிட்டுப் போனார். மருத்துவ ஆலோசனைத் தொலைபேசியில் ஒரு தாதி, சாப்பிடுகிறாரா, நித்திரை கொள்கிறாரா, தன்னை ஏதும் செய்யப்போவதாகச் சொன்னாரா என்று கேட்டார். சாப்பிடுகிறார், தெரியாது, இல்லை என்றேன். டாக்டரைப் பார்க்கத் தந்த திகதி ஏப்ரலில்.

நான் வேலைக்குப் போகிறேன். தண்ணீர் மாதிரிகளைச் சோதிக்கிறேன். வீட்டுக்கு வந்து சமைக்கிறேன். அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. வர வேண்டும் என்று தெரிகிறது.

உங்கள் பல்லுக்குச்சியைப் பற்றி வாசித்ததும் ஒரு காரியம் செய்தேன். எழுதக் கூச்சமாக இருக்கிறது. வில்லரேயில் தமிழ்க் கடையொன்றில் வாங்கிய விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவி, மேலிருந்து மூன்றாவது படியில் குறுக்கே வைத்தேன். தட்டு எடுக்க இரண்டாவது படி வரை நானே இறங்கிக்கொள்ளலாம். மூன்றாவதை அவர் மட்டும்தான் கடக்க வேண்டும். நான் வேலைக்குப் போன நேரம் அவர் மேலே வந்து நடமாடுகிறாரா என்று அறிய வேறு வழி தோன்றவில்லை. ஒவ்வொரு மாலையும் பார்த்து ஒரு கொப்பியில் குறிக்கிறேன். இதுவரை ஈர்க்கு அசையவில்லை. அவர் கைநீட்டித் தட்டை எடுக்கிறார், அவ்வளவுதான்.

அவருக்கு நீங்கள் ஒரு வரி எழுதினால் மேலே வருவார் என்று நினைக்கிறேன். இது என் ஊகம். ஆதாரம் இல்லை.

எலிசா


ஆய்வு முகாம்
29 டிசம்பர் 2024

மச்சாள்,

உங்கட கடிதத்தை நாலு தரம் வாசிச்சன். ஈர்க்கு வந்த இடத்திலை சிரிச்சன், பிறகு சிரிச்சதுக்கு என்னையே ஏசினன்.

படிக்கிற காலத்திலை ஒருக்கால் ஒரு அணிலைத் தோண்டி எடுத்தனான். கொலர் ஒரே இடத்திலை கிடந்து சத்தம் போட்டுது, செத்துப்போச்சு எண்டு நினைச்சன். கையளவு ஆழம், பிறகு முழங்கை ஆழம், பிறகும் தோண்டினன். பந்து மாதிரிச் சுருண்டு கிடந்துது, மூக்கு வாலுக்குள்ளை. கல்லு மாதிரிக் குளிர். செத்ததுதான் எண்டு மடியிலை வைச்சுக்கொண்டு இருந்தன். அரை மணித்தியாலத்தாலை நடுங்கத் தொடங்கிச்சுது. கண்ணை முழிச்சு என்னைப் பாத்துது. எவ்வளவு சந்தோசம் எனக்கு! மூண்டாம் நாள் செத்துப்போச்சு. முழிக்கிறதுக்கு அதுக்கு அவ்வளவு கொழுப்புச் செலவாகும் மச்சாள். அந்தக் கொழுப்பு மாசி வரைக்கும் காண வேணும் எண்டு சேர்த்து வைச்சது. நான் அதை அரை மணித்தியாலத்திலை முடிச்சுப்போட்டன்.

அதாலை தோண்டாதேங்கோ எண்டு சொல்லத்தான் வந்தன். எழுதினாப் பிறகு இன்னொண்டு தோன்றுது. அணிலுக்கு மேலை ஆர் நிண்டாலும் ஒண்டுதான். அண்ணை அப்பிடியில்லை. மேலை ஆர் நடக்கினம் எண்டு அவருக்குக் கேக்கும்.

ஆனால் நான் எழுத மாட்டன். அம்மாவை என்னட்டை இருந்து ஒளிச்சவர் அவர். முதல் வார்த்தை அவரிட்டை இருந்து வரட்டும். அதுக்குப் பிறகு எத்தினை கடிதம் வேணுமெண்டாலும் எழுதுறன்.

இந்த வருசம் நான் பாத்துக்கொண்டிருக்கிறது பதினேழாம் இலக்க அணிலை. ஆண். ஆடி மாசம் கீழை போனது. சத்தம் கேக்குது. அது ஒண்டும் சொல்லாது எண்டு உங்களுக்கு இப்ப தெரியும்.

செலீன்


மொன்றியல்
21 ஜனவரி 2025

செலீன்,

அவசரத்தில் எழுதுகிறேன். உங்கள் அண்ணைக்குக் கடுமை. ஆஸ்பத்திரியில் இருக்கிறோம். நீங்கள் வர வேண்டியதில்லை. பிறகு விபரமாக எழுதுகிறேன். விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

எலிசா


ஆய்வு முகாம்
3 பெப்ரவரி 2025

மச்சாள்,

முகாமுக்குத் திரும்பி வந்து சேர்ந்திட்டன். உங்களோடை மூண்டு நாள் ஒரே மேசையிலை இருந்தும் நாங்கள் ரெண்டு பேரும் ஒண்டும் கதைக்கேல்லை. சோறு போடவோ, போதும், குளிருதோ, இல்லை. எழுதினால்தான் எங்களுக்கு வாய் வரும் போலை. நான் வந்த அண்டைக்கு நீங்கள் வேலையிலை, அதாலை உங்களுக்குத் தெரியாததைச் சொல்லுறன்.

தபாற்கந்தோரிலை விரைவுத் தபால் எண்டு தந்தவை. அங்கையே உடைச்சன். "கடுமை." அதுக்குக் கீழை "வர வேண்டியதில்லை." உங்கட வீட்டு நம்பர் மட்டும்தான் மனப்பாடம். எடுத்தன், எடுத்தன், ஒருத்தரும் தூக்கேல்லை. ஒருக்கால் ஏமாந்தவள் ரெண்டாந்தரம் ஏமாறுவாளோ? அண்ணை போயிட்டார் எண்டு முடிவெடுத்தன். வழியிலை ஒரு கடையிலை கறுப்புச் சட்டை வாங்கினன்.

மொன்றியல் விமான நிலையத்திலை பிடிச்ச ராக்சியாலை இறங்கினால், உங்கட வாசலிலை ஒரு கார் இல்லை. செத்த வீட்டுச் சப்பாத்துக் குவியல் இல்லை. அப்ப அடக்கமும் முடிஞ்சுது, திரும்பவும் பிந்திட்டன் எண்டு நினைச்சன். மணி அடிச்சன், ஒருத்தரும் இல்லை. மைனஸ் இருபத்திரண்டு. எனக்கு வேறை வழி தெரியேல்லை மச்சாள், பனியிலை முழங்காலிலை இருந்து பேஸ்மென்ற் யன்னலிலை தட்டினன். உள்ளுக்குள்ளை ஒரு விளக்கு எரிஞ்சுது.

முன் கதவு திறந்துது. நீலச் சுவெற்றர், தாடி, கையிலை மருந்துப் போத்தல்.

"செலீனோ? என்னடி கறுப்பு உடுத்திருக்கிறாய்? ஆர் செத்தது?"

"நீங்கள்தான்."

மருந்துப் போத்தலைத் தூக்கிப் பாத்தார். "இன்னும் இல்லை" எண்டார். பிறகு, "உள்ளுக்கு வா, சூடு வெளியிலை போகுது."

நியூமோனியாவாம், ரெண்டு நாள் வைச்சிருந்து விட்டிட்டினமாம். "மச்சாள் உனக்கு எழுதினவவோ? என்ன எழுதினவ?" எண்டார். கடிதத்தைக் காட்டினன். வாசிச்சார். அவரின்ரை தோள் குலுங்கிச்சுது. அழுறார் எண்டு நினைச்சன். சிரிச்சவர் மச்சாள். இருமி இருமிச் சிரிச்சவர்.

கீழை போகேக்கை படியிலை உங்கட ஈர்க்கை மிதிச்சு முறிச்சுப் போட்டன். உங்கட கணக்குப் பிழைச்சிருந்தால் மன்னிக்கோணும்.

எனக்குக் கதவு திறக்க வந்ததோடை சரி, பிறகு மூண்டு நாளும் நான்தான் கீழை போய் இருந்தன், அவர் மேலை வரேல்லை. கடைசி நாள் நேரடியாக் கேட்டன். "அண்ணை, அம்மாவுக்குக் கடுமை எண்டு சொல்லச் சொன்னது நீங்கள்தானோ?" "ஓம். நான்தான்" எண்டார். என்ரை முகத்தைப் பாக்கேல்லை. அதோடை விட்டிட்டன். மன்னிச்சிட்டன் எண்டு சொல்லலாம். ஆனால் மன்னிக்கிறதுக்கு ஒருத்தர் முகத்தைப் பாக்க வேணும்.

பதினேழு இன்னும் வெளியிலை வரேல்லை. குச்சி நிக்குது.

செலீன்


அஹுன்ட்சிக்
15 பெப்ரவரி 2025

செலீன்,

நீர் உம்முடைய கடிதத்தில் கேட்காத ஒன்றுக்குப் பதில் எழுத வேண்டியிருக்கிறது. கடிதம் கிடைத்து நாலு நாள் எடுத்தேன்.

உம்முடைய அண்ணை சொன்னது பொய்.

மாமி ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதரைக்கு இறந்தார். நாங்கள் இருவரும் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றோம். அவர் மாமியின் கண்ணை மூடிவிட்டு என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "செலீனுக்குப் போன் எடும். அம்மா செத்திட்டா எண்டு சொல்லும். சுத்தி வளைக்காதையும், அவளுக்கு விளங்காது." அவருக்கு உம்மைத் தெரியும். எனக்குத் தெரியவில்லை.

நான் அறைக்கு வெளியே தாழ்வாரத்துக்கு வந்து எடுத்தேன். உமது பக்கத்தில் காற்றுச் சத்தம். நீர் சிரித்துக்கொண்டு, "மச்சாள், ஒரு நிமிசம், கையிலை அணில் இருக்குது, கடிக்கப் பாக்குது" என்றீர். யாருக்கோ ஏதோ சொல்லிச் சிரித்தீர். நான் ஒரு நிமிடம் காத்துக்கொண்டு நின்றேன். அந்த நிமிடத்தில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. திரும்பி வந்து "ஓம், சொல்லுங்கோ" என்றபோது என் வாயில் வந்தது கடுமை என்ற சொல். என் அம்மா எல்லோருக்கும் அப்படித்தான் சொல்வார். வேலையில் ஓர் எண்ணைத் தசமம் பிசகாமல் எழுதுகிறவள் நான். அன்றைக்கு அப்படிச் சொன்னேன். அறைக்குள் போய் அவரிடம், "சொல்லிட்டன்" என்றேன்.

மண்டபத்தில் நீர் கத்தியபோதுதான் அவருக்கு நான் செய்தது விளங்கியது. என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு "நான்தான்" என்றார். நான் பேசாமல் நின்றேன். அடுத்த நாள் சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு அவர் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. நானும் சொல்லவில்லை. உமது கடிதத்தில் அந்தக் கேள்வி வந்தபோதும் சொல்லவில்லை. நீர் மூன்று நாள் என் மேசையில் இருந்தபோதும் சொல்லவில்லை.

ஜனவரியில் நான் எழுதியது அப்படியே உண்மை. காய்ச்சல் நூற்று நாலு, மூச்சு எடுக்க முடியாமல் இருந்தார், அம்புலன்ஸ்காரர் படியால் தூக்கி வந்தார்கள். அவசரப் பிரிவின் கதிரையில் இருந்து எழுதினேன். அந்தச் சொல்லை எழுதியபோது எனக்கு அது உறைக்கவில்லை. நீர் கறுப்புச் சட்டையோடு என் குசினியில் அடுப்பருகே நின்றதைக் கண்ட பிறகுதான் உறைத்தது. பொய்யாகச் சொன்னபோது நம்பினீர். உண்மையாகச் சொன்னபோது நம்பவில்லை. இதில் உமது பிழை ஒன்றும் இல்லை.

அவர் அதனால்தான் கீழே போனார் என்று நான் சொல்ல மாட்டேன். தொழிற்சாலை மூடியதும் இருக்கிறது, வேறு எதுவும் இருக்கலாம். காரணம் தெரியாமல் எழுதக்கூடாது. ஆனால் உம்மை இழந்ததை அவர் எனக்காகச் சுமந்தார் என்பது தெரியும்.

நீர் மன்னிக்க வேண்டிய முகம் அவருடையது அல்ல.

இதை மடித்துக் கவரில் போட்டு, உமது விலாசத்தை எழுதி, ஒட்டாமல், இன்று சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைக்கப்போகிறேன். உமக்கு முன்னர் அவர் வாசிக்க வேண்டும். புதிய ஈர்க்கும் வைத்திருக்கிறேன். பழக்கமாகிவிட்டது.

எலிசா

16 பெப்ரவரி, ஞாயிறு

கவரை ஒட்டுவதற்கு முன்னர், நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

காலை எட்டு மணிக்கு நான் எழும்பி வந்தபோது கடிதம் படியில் இல்லை. குசினி மேசையில் இருந்தது. தட்டு கழுவி அலுமாரிக்குள், அதற்குரிய இடத்தில் இருந்தது. கடிதத்தில் அவர் ஒன்றும் எழுதவில்லை, ஒன்றும் வெட்டவில்லை. இரண்டாம் தாளின் மூலையில் தேத்தண்ணீர்க் கறை இருக்கிறது, அது என்னுடையது அல்ல. கவரில் அமெரிக்காவுக்கான முத்திரை ஒட்டியிருந்தது. முத்திரைகள் மேல்மாடியில் என் அறையில், நான் படுத்திருக்கும் கட்டிலுக்குப் பக்கத்து மேசையின் இரண்டாவது லாச்சியில் இருக்கின்றன.

போய்ப் படியைப் பார்த்தேன். மூன்றாவது படியில் ஈர்க்கு முறியாமல், நான் வைத்தபடியே குறுக்கே கிடந்தது. அப்படியென்றால் டிசம்பரிலிருந்து நான் கொப்பியில் குறித்து வைத்ததற்கு என்ன அர்த்தம் என்று தெரியவில்லை.

பத்து மணிக்கு ஜொய்சி வந்து கீழே குரல் கொடுத்தாள். "பப்பா, சா வா?"

"ஓம். அம்மாட்டைச் சொல்லு, தபால் பெட்டியிலை கடிதம் நாளைக்குத்தான் எடுப்பினம் எண்டு" என்றார்.

படிக்கட்டின் கதவு திறந்திருந்தது. கீழே குளிர் போகும் என்று சாத்தப் போனேன். சாத்தவில்லை.